திருடன் குன்று

எங்கள் ஊருக்குப் பின்னால் எழும்பி நிற்கிற மலைகளில் பெயரில்லாமல் நிற்பது கிடையாது. பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்க மறந்தாலும் மறப்போம். முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு தென்பட்டால் சும்மா விடமாட்டோம். எல்லாருக்கும் பெரியவள் கிழவி. அவள் தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டால் மழை. அவிழ்த்துப் போட்டால் அதைவிடப் பெரிய மழை. அவளுக்குக் கிழக்கே கொம்பில்லாப் பசு. அதற்குக் கீழே இரண்டு உருண்டை மேடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குக் கிழவியின் குண்டி என்று பெயர். போதகர் பக்கத்தில் இருந்தால் மட்டும் 'அந்த ரெட்டை மேடு' என்போம். தனியாக அந்தப் பாதையில் நடக்கும்போது அவரும் குண்டி என்றுதான் நினைத்துக்கொள்வார் என்பது என் எண்ணம். ஒரு தடவை பார்த்தவனுக்கு வேறு மாதிரி நினைக்க வராது.

எங்கள் கேலிக் மொழியில் மலை என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. கூராக நின்றால் ஸ்கூர். மழுங்கி நின்றால் மியால். கல் குவிந்தது போல நின்றால் கார்ன். ஒன்றுக்கும் உதவாமல் நின்றால் க்ரொக். இது அழகுக்குச் செய்த வேலை அல்ல. மேகம் இறங்கிய நாளில் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வரும்போது ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாது. இந்த முகட்டில் நிற்பவன் அடுத்த முகட்டில் நிற்பவனுக்குக் காற்றுக்கு மேலே குரலெடுத்துச் சொல்ல வேண்டும், ஆடு எங்கே நிற்கிறது என்று. 'அந்தக் கல்லுக்குப் பக்கத்துல' என்று கத்தினால் எங்கள் மலையில் அவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கல் கல்லாகத் தேட வேண்டியதுதான்.

எந்தப் பெயர் எப்படி வந்தது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். கொம்பில்லாப் பசுவுக்கு முதலில் கொம்பு இருந்தது. ஸ்கை தீவுக்காரன் ஒருவன் கரண்டி செய்ய இரவல் வாங்கிப் போனவன் திருப்பித் தரவில்லை. மேல்காற்று அடிக்கிற நாளில் அவள் அதைக் கேட்டுக் கதறுவது காதில் விழும். ஊரில் இதை யாரும் நம்பியதில்லை. நிறுத்து என்றும் யாரும் சொன்னதில்லை. எங்கள் குளிர்காலம் நீளமானது.

பெயர் வைக்கிற கண்ணுக்குத் தப்பி ஒன்றே ஒன்று கிடந்தது. கொம்பில்லாப் பசுவுக்குப் பின்புறம் ஒரு சின்னக் குன்று. புளித்த புல். ஆடு வாய் வைக்காது. ஆடு மேயாத இடத்துக்கு ஆள் போவதில்லை, ஆள் போகாத இடத்துக்குப் பெயர் எதற்கு? லாக்லன் மகன் செத்த வருசம் அதற்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

லாக்லன் எனக்குப் பெரியப்பன் வழி அண்ணன், பக்கத்து வீடு. அவன் மனைவி மார்சலி. கோயிலில் வேண்டி வேண்டி எல்லாரும் நம்பிக்கை விட்ட பிறகு அவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை ரானல். நெட்டையன். வாசலில் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் ஒரு நாளும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. சீழ்க்கை அடிக்க வராது. ஊதினால் காற்றுதான் வரும். அவனுடைய நாய் அதை மன்னித்து, உதட்டைப் பார்த்தே வேலை செய்யப் பழகிக்கொண்டது.

மார்ச் மாதக் கடைசி. ஆடுகள் நிறைசினையாக நிற்கிற நேரம். போன குளிர்காலம் எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்கத் திரும்பி வந்தது போல ஒரு பனி கொட்டியது. ஆடுகளைக் கீழே இறக்க ரானல் காலையிலேயே மேலே போனான். மத்தியானத்துக்குமேல் மலையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. நாய் மட்டும் வந்தது. வந்து மார்சலியின் காலடியில் படுத்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீளக் கம்புகளை எடுத்துக்கொண்டு ஊர் முழுக்க ஏறினோம். குத்திக் குத்திப் பார்த்தோம். பனிக்குள்ளே மனிதன் இருந்தால் கம்புக்குத் தெரியும், கல் இருந்தால் கைக்குத் தெரியும். எங்களுக்குக் கல்தான் கிடைத்தது. பனி இளகி ஓடைகள் பழுப்பாக இரைய ஆரம்பித்த பிறகுதான், யாரும் போகாத அந்தக் குன்றின் ஒதுக்குப்புறத்தில் நாய் நின்று பிறாண்டியது.

ரானல் குன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். மேலே சட்டை மட்டும். அவனுடைய கோட்டு மடியில் கிடந்த ஆட்டின்மேல் இருந்தது. சும்மா போர்த்தவில்லை, சுற்றிப் பொத்தான்கள் போட்டிருந்தான். வலது கையில் மடக்குக்கத்தி, விரித்தபடி.

லாக்லன் மண்டியிட்டு அவன் சட்டைக் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டு வரைக்கும் கொண்டுவரப் பார்த்தான். அந்தச் சட்டை எப்போதுமே அவனுக்குக் குட்டை.

"ஏலே, கோட்ட எதுக்குலே களத்துன? ஒங்கம்ம கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? கோட்ட எதுக்குலே களத்துன?"

எங்களோடு கம்பு குத்த வந்த ஊஷ்தன் குனிந்து ஆட்டின் தலையைத் தூக்கினான். இடது காதில் கீழ்ப்பக்கம் ஒரு வெட்டு. அது ஊஷ்தன் வீட்டு அடையாளம். அவன் காதைப் பார்த்தான். விரிந்திருந்த கத்தியைப் பார்த்தான். அவன் பார்த்ததை நாங்கள் பார்த்தோம். நாங்கள் பார்த்ததை லாக்லன் பார்த்தான்.

எங்கள் ஊர் நிறைய மன்னிக்கும். குடியை மன்னிக்கும். கல்யாணத்துக்கு முந்தி வந்த பிள்ளையை மன்னிக்கும். பிரசங்கத்தில் குறட்டை விட்டவனை மன்னித்து எழுப்பிவிடும். காது வெட்டை மட்டும் மன்னிக்காது. மலைக்கு வேலி கிடையாது. எல்லார் ஆடும் ஒன்றாக மேய்கிறது. இன்னாருடையது என்பதற்குக் காதைத் தவிர சாட்சி இல்லை. அடையாளத்தை மாற்ற அடுத்தவன் ஆட்டின் காதில் கத்தியை வைத்தவன் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். காதில் புது வெட்டு எதுவும் இல்லை, நானே தொட்டுப் பார்த்தேன். வெட்டுவதற்குள் குளிர் கையைப் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறவன் நினைக்கலாம். குளிரில் செத்துக்கொண்டிருக்கிறவன் களவாண்ட ஆட்டுக்குத் தன் கோட்டைக் கழற்றிப் பொத்தான் போட்டுவிடுவானா என்று நினைக்கிறவனும் நினைக்கலாம். கோட்டு ஒன்று சொன்னது, கத்தி ஒன்று சொன்னது. ஊர் கத்தியின் பேச்சைக் கேட்டது. வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ஊரே வந்து பெட்டியைத் தோள் மாற்றிச் சுமந்தது.

ஒரு வாரம் கழித்து ஊஷ்தன் ஒரு சாக்கோடு லாக்லன் வீட்டுக்கு வந்தான். நான் அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன். மார்சலி உருளைக்கிழங்கைச் சட்டியிலிருந்து வடித்து உப்பு மீனோடு மேசையில் கொட்டியிருந்தாள். லாக்லன் ஒரு கிழங்கை எடுத்துத் தோலை உரித்து, உரித்ததை வைத்துவிட்டு இன்னொன்றை உரித்துக்கொண்டிருந்தான். தின்னவில்லை.

"அந்த ஆட்டு மயிரு," என்றான் ஊஷ்தன், சாக்கைக் கதவோரம் வைத்து. "வீணாப் போயிருமேன்னு வெட்டுனேன். நூத்துக்கோ மார்சலி."

"ஒம்ம ஆட்டு மயிரு எனக்கெதுக்கு அண்ணாச்சி?"

"இருக்கட்டும்." அவன் தொப்பியைக் கையில் சுற்றினான். "நான் மனசுல எதுவும் வச்சுக்கிடல. ஒரு வார்த்த கேட்டிருந்தாம்னா நானே குடுத்திருப்பம்லா. ஒரு ஆடு என்ன பெரிசு?"

லாக்லனின் கை நின்றது. மார்சலி சட்டியைக் கீழே வைத்தாள்.

"கேட்டிருந்தாம்னா," என்றான் லாக்லன்.

"ஆமா. வாயத் தொறந்து..."

"அப்பொ கேக்காம எடுத்தாம்னு சொல்லுதீரு."

"நான் எப்பொ அப்பிடிச் சொன்னேன்? டோர்மட், நீரே சொல்லும், நான் அப்பிடியா சொன்னேன்?" என்று என் பக்கம் திரும்பினான்.

நான் அடுப்பில் விறகாக எரிகிற சதுப்பு மண்கட்டி ஒன்றைத் திருப்பி வைத்தேன்.

"நீரு நல்லவரு அண்ணாச்சி," என்றாள் மார்சலி. "அதான் எனக்குத் தாங்கல. வேற எவனாவது வந்து ஒம்புள்ள களவாணின்னு சொல்லியிருந்தா இந்தச் சட்டியக் கொண்டு மண்டயப் பொளந்திருப்பேன்."

ஊஷ்தன் சாக்கை எடுக்காமலே போனான். அந்தக் கம்பளி அந்த மூலையிலேயே கிடந்து பூச்சி அரித்தது.

பெயர் வந்தது கோடையில். மயிர் வெட்டுக்கு ஆடுகளை இறக்கும் நாள். மேகம் எங்கள் இடுப்புவரைக்கும் இறங்கிவிட்டது. ஆளாளுக்கு ஒரு முகட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். கீழேயிருந்து எவனோ கத்தினான், "மிச்ச ஆடு எங்கிட்டுவே நிக்கி?" மேலேயிருந்து எவனோ திருப்பிக் கத்தினான், "திருடன் குன்றுக்குப் பொறத்தால!"

அவ்வளவுதான். வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் எது என்று தெரிந்தது. நாய்கள்கூட அந்தப் பக்கம் திரும்பியதாக எனக்கு ஞாபகம். கத்தியவனிடம் விஷமம் எதுவும் இல்லை. ஆடு நிற்கிற இடத்தைச் சொல்ல வேண்டியிருந்தது, அந்தக் குன்றைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று, அதைச் சொன்னான். அடுத்த முகட்டில் லாக்லன் நின்றான். அவன் இடைவெளிக்குள் புகுந்து ஒரு முழு மந்தை திரும்ப மலையேறிப் போனது. மறித்து நிறுத்த அவன் கையை விரிக்கவில்லை.

அதற்குப் பிறகு லாக்லன் ஒரு வேலை ஆரம்பித்தான். சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, நாலு பேர் கூடுகிற இடத்தில் அந்தக் குன்றை இழுப்பான்.

"நேத்து ரானல் குன்றுப் பக்கம் மான் ஒண்ணு பாத்தேன்," என்பான், காய வைத்த மண்கட்டிகளை அடுக்கிக்கொண்டே.

"எங்க அண்ணாச்சி?"

"ரானல் குன்று."

"அது எங்கிட்டு இருக்கு?"

"பசுவுக்குப் பொறத்தால. புளிச்ச புல்லு மேடு."

"ஓ, திருடன்..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொள்வான். "ஆமா ஆமா. மானுக்குக் கொம்பு பெரிசா?" என்பான். மனமறிந்து யாரும் அவனை நோகடிக்கவில்லை. அவனுக்கு எதிரில் எச்சரிக்கையாக இருந்தார்கள். முகட்டில் நின்று கத்தும்போது எச்சரிக்கையாக இருக்க முடியாது. இரண்டு கோடை அவன் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தான். அந்தப் பெயரை அவனைத் தவிர ஒரு வாயும் எடுத்துக்கொள்ளவில்லை. மார்சலி மட்டும் வீட்டுக்குள் சொன்னாள். வீட்டுக்குள்ளே ஆடு தொலைவதில்லை.

ஒரு நாள் கடல் வற்றியிருந்தபோது உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போட நான் கடற்பாசி அறுத்துக்கொண்டிருந்தேன். மார்சலி முதுகுக் கூடையோடு பாறை பாறையாகத் தாண்டி வந்தாள்.

"கொழுந்தனாரே, ஒரு பொய் வேணும்."

"எத்தன முழம் மைனி?"

"வெளையாட்டில்ல."

"நானும் வெளையாடல. நீளத்தப் பாத்துத்தான நூலு எடுக்கணும்."

அவள் கூடையை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தாள். அலை வந்து அவள் செருப்பை நனைத்துவிட்டுப் போனது. கவனிக்கவில்லை.

"அந்தப் பேர எடுக்க முடியாது. அவரு கத்திக் கத்தி நெஞ்சு காஞ்சு போச்சு. இப்பொ ராத்திரி உறக்கத்துல ஆடு ஓட்டுதாரு. பேரு கெடக்கட்டும். திருடன மாத்தும்."

"யாரத் திருடனாக்க? உசுரோட இருக்கவன் ஒத்துக்கிட மாட்டாம்லா."

"செத்தவன் எவனையாவது."

"செத்தவனுக்கும் பேரப்பிள்ளைக இருக்கும் மைனி. கோயிலுக்குப் போற வழியில என்னப் புடிச்சு நொறுக்கிருவானுக."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பொ பொறக்காத ஒருத்தன."

எனக்கு அரிவாள் கையில் நின்றது. கதை கட்டுகிற என் தொழிலில் இவ்வளவு சுத்தமாக யாரும் வேலை சொன்னதில்லை.

"ரொம்பப் பழசா இருக்கணும்," என்றாள். "நம்ம பாட்டனுக்குப் பாட்டன் காலம். எம்புள்ள பேரு அந்தக் கதக்குள்ள எங்கனயும் வரப்படாது."

"வராது."

"அவன நெனச்சு எவனும் அந்தக் குன்றப் பாக்கப்படாது. பாத்தா வேற எவனாவதுதான் தெரியணும்."

"செஞ்சுருவோம் மைனி. நீங்க அழாதிய."

"நான் எங்க அழுதேன்? உப்புத் தண்ணி."

அந்த வருச மயிர் வெட்டில் சொன்னேன். பட்டியைச் சுற்றி ஆண்கள் ஆடுகளை மடியில் கிடத்தி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கம்பளியை உதறிச் சுருட்டினார்கள். ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு சுற்று வந்து போயிருந்தது. கதை சொல்கிறேன் என்று நான் ஆரம்பிக்கவில்லை. சலித்துக்கொண்டேன்.

"இந்தத் திருடன் குன்றுன்னு சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சலா வருது."

கத்திரிகள் எல்லாம் நின்றன. லாக்லன் தலையைக் குனிந்துகொண்டான். மார்சலி மட்டும் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

"கருத்த ஃபார்கர் மாதிரி ஒரு திருடன், அவனுக்கு இத்தினிக்காண்டு குன்றா? கிழவியவே குடுத்திருக்கணும். என்ன ஊருவே இது."

"யாருவே கருத்த ஃபார்கர்?" என்றான் ஒருவன்.

"ஒங்க வீட்டுல சொல்லலியா? நல்ல குடும்பம்." ஆட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு சொன்னேன். பழைய காலத்துத் தலைவனின் கருப்புக் காளையை அவன் கோட்டைக்குள்ளேயே புகுந்து ஃபார்கர் களவாண்டது. தடம் தெரியாமலிருக்கத் தன் பெண்டாட்டியின் செருப்புகளைக் காளையின் நாலு காலுக்கும் மாட்டியது. துரத்தி வந்தவர்கள் சேற்றில் செருப்புத் தடத்தைப் பார்த்து, யாரோ இரண்டு தடித்த பொம்பளைகள் கைகோத்துக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்று தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்தக் குன்றின் ஒதுக்கில் ஃபார்கர் ஒரு குளிர்காலம் முழுக்கக் காளையோடு ஒளிந்திருந்தது. ரகசியமாகக் கத்த அதற்குச் சொல்லிக் கொடுத்தது.

இத்தனையும் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், நான் எதற்காகச் சொல்கிறேன் என்று. எல்லார் பார்வையும் ஊஷ்தன்மேல் போனது. செத்தது அவன் ஆடு. அவன் நிதானமாகக் கத்திரியைத் தொடையில் துடைத்தான்.

"காளை கருப்புன்னு சொன்னீரா?"

"கருப்புதான்."

"செகப்பு," என்றான் ஊஷ்தன். "எங்க பாட்டன் சொல்லி நான் கேட்டிருக்கேன். செகப்புக் காளை. தெரியாட்டா சும்மா கெடயும்."

ஊஷ்தன் பிறப்பதற்கு முந்தியே அவன் பாட்டன் கடலோடு போனவர். நான் விடவில்லை. கருப்பு என்றேன். சிவப்பு என்றான். பாதி ஊர் கருப்புக்கு வந்தது, பாதி ஊர் சிவப்புக்குப் போனது. தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை சண்டை. காளையின் நிறத்துக்கு அடித்துக்கொள்கிறவன் காளை இருந்ததா என்று கேட்பதில்லை. ஊஷ்தன் ஏன் அப்படிச் செய்தான் என்று நான் அவனைக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

அன்று லாக்லன் இரண்டு தட்டு சாப்பிட்டான். மறுநாள் மார்சலி ஒரு வெண்ணெய்க் கட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு ஃபார்கர் என் கையில் இல்லை. நான் கொடுக்காத ஒரு தம்பி அவனுக்கு வந்தான். ஃபார்கர் ஏழைகளுக்கு இறைச்சி பங்கு வைத்தான். வடக்கு ஊரிலிருந்து அவன்மேல் ஒரு பாட்டு வந்தது; மெட்டு சரியில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஃபார்கர் விளையாடினார்கள், காளையாக இருக்க அடித்துக்கொண்டார்கள். 'திருடன் குன்று' என்று முகட்டிலிருந்து குரல் வந்தால் லாக்லன் நிமிர்ந்து நிற்க ஆரம்பித்தான். சாகும்வரை நிமிர்ந்தே இருந்தான்.

பிறகு உலகம் முழுக்கப் பெரிய சண்டை வந்து பையன்களை அள்ளிக்கொண்டு போனது. சாலையோரம் ஒரு கல் நட்டு அவர்கள் பெயரை வெட்டினார்கள். வருசத்துக்கு ஒரு தடவை தாய்மார்கள் அதன்முன் வரிசையாக நிற்பார்கள். மார்சலி பின்னால் நிற்பாள். ரானல் புதைந்த இடத்தில் எழுத்து இல்லை. எங்களில் பலருக்கும்போல ஒரு கடற்கரைக் கல்தான். மணல் அதைத் தின்றுகொண்டிருந்தது. பனியில் என்னோடு கம்பு குத்தியவர்களில் பாதிப் பேர் கனடாக் கப்பலில் ஏறினார்கள், மீதிப் பேர் மணலுக்கடியில் போனார்கள். இருந்த ஒன்றிரண்டு பேரும் மார்சலியின் காதில் விழ ரானல் பெயரை எடுப்பதில்லை. அது அவள் கேட்ட மரியாதை. அதில் அவர்கள் ஒரு நாளும் தவறவில்லை.

கடைசியாக நான் கத்திரி பிடித்த வருசம். ஊஷ்தனின் பேரன் தெற்குத் தீவிலிருந்து டோலினா என்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கெட்டிக்காரி. கம்பளி சுருட்டப் பழக மார்சலி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொழுது போக ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"அத்தே, ஒங்களுக்குப் புள்ளைக இல்லியா?"

மார்சலியின் கை கம்பளிக்குள் நின்றது.

"ஒருத்தன்."

"கனடாவுலயா?"

"இல்ல. இங்கனதான். மேல, திருடன் குன்றுல செத்தான். பனியில."

"ஐயோ. ஃபார்கர் ஒளிஞ்சிருந்தாம்லா, அந்தக் குன்றுலயா?"

டோலினா நல்ல மனதோடுதான் கேட்டாள். மார்சலி கம்பளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஃபார்கர்னு எவனும் கெடையாது. கேளுங்க எல்லாரும். அந்தத் திருடன் எம்மவன். லாக்லன் மவன் ரானல். அவனச் சொல்லித்தான் அந்தப் பேரு வந்துது."

இளவட்டங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊஷ்தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு இரண்டு கம்பு ஊன்றித்தான் எழ முடியும். எழுந்தான்.

"அப்பிடிச் சொல்லாத மார்சலி. அந்தத் திருடன் ஒம்மவன் பொறக்கதுக்கு முந்நூறு வருசம் முந்தினவன். ஒம்மவனுக்கும் அந்தப் பேருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் உசுரோட இருக்கவரைக்கும் ஒருத்தனையும் அப்பிடிச் சொல்லவிட மாட்டேன்."

"திருடனாவே இருந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி. அவன் இருந்தாம்னாவது இருக்கும்லா."

"வேண்டாம் மார்சலி. நீ தளந்து போய்ப் பேசுத." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருசம் காத்து வந்ததை அவளே உடைக்க வந்தால் அவன் என்ன செய்வான்.

மார்சலி என் பக்கம் திரும்பினாள்.

"நீரு சொல்லும் கொழுந்தனாரே. நீருதான கட்டுனீரு. அவுத்துவிடும்."

நான் தொப்பியைக் கழற்றினேன். சொன்னேன். பனியைச் சொன்னேன். கம்புகளைச் சொன்னேன். நாய் பிறாண்டியதைச் சொன்னேன். என் வாழ்நாளில் அப்படி வெறுமையாக ஒரு கதையும் சொன்னதில்லை. ஒரு சொல் கூட்டவில்லை. அவன் சட்டையோடு உட்கார்ந்திருந்தான், கோட்டை ஆட்டுக்குப் போட்டிருந்தான், பொத்தான்களை எல்லாம் மாட்டியிருந்தான் என்றேன். அந்த இடத்தில் ஒரு பையன் மூக்கால் சிரித்துவிட்டான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. பக்கத்திலிருந்தவனுக்குத் தொற்றியது.

"காளைக்குச் செருப்பு போட்டீரு, இப்பொ ஆட்டுக்குக் கோட்டா தாத்தா? பொத்தானும் போட்டுட்டீராக்கும்."

"தொப்பி வைக்கலியா?" என்றான் இன்னொருவன்.

"உள்ளதுதாம்லே," என்றேன். "சத்தியமா உள்ளது."

அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். இதுவரை நான் சொன்னதிலேயே இதுதான் பெரிசு என்றான் ஊஷ்தனின் பேரன். கெட்ட பிள்ளைகள் அல்ல. மார்சலியைத் தேற்ற நான் ஒன்றை எடுத்துவிடுகிறேன் என்று நினைத்து, எனக்கு ஒத்தாசையாகவும் கொஞ்சம் சிரித்தார்கள்.

டோலினா மார்சலியின் தோளைப் பிடித்து அமர்த்தினாள். "உக்காருங்க அத்தே. வெயிலு மண்டையில ஏறிட்டு." ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் திணித்தாள். மார்சலி உட்கார்ந்தாள். தேநீரைப் பக்கத்துக் கல்லில் வைத்துவிட்டு அடுத்த கம்பளியை இழுத்து உதறினாள். உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து, கழுத்து மயிரை முறுக்கிக் கட்டி, வண்டியில் போட்டாள். பிறகு அடுத்தது.

மயிர் வெட்டிய நாளின் சாயங்காலம் எங்கள் ஊரில் யாரும் யாரோடும் பேச முடியாது. பட்டியைத் திறந்தால் தாய் ஆடுகள் வெள்ளையாக, பாதி உடம்பாக, வேறு ஆடுகளாகி வெளியே வரும். குட்டிகளுக்கு அடையாளம் தெரியாது. தாய் கூப்பிடும். குட்டி குரலுக்கு ஓடிவரும், முகர்ந்து பார்க்கும், இது இல்லை என்று கத்திக்கொண்டு வேறு பக்கம் ஓடும். நூற்றுக்கணக்கில் கத்தும். கிழவி மலை அதை வாங்கிப் பசுவுக்குக் கொடுக்கும், பசு திருப்பிக் கொடுக்கும்.

மார்சலி படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் கத்திரிகளைத் துடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கையை வாயோரம் குவித்து வைத்தாள், அடுத்த முகட்டில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. மகன் பெயரை நீட்டிக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. கூப்பிட்டுவிட்டு, காற்று கொண்டுபோய்க் கொண்டுவர ஆகிற நேரத்துக்குக் காத்திருந்தாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

குட்டி ஒன்று கூட்டத்திலிருந்து பிரிந்து அவளிடம் ஓடி வந்தது. அவள் பாவாடையை முகர்ந்து பார்த்தது. பிறகு கத்திக்கொண்டே போய்விட்டது.